பெட்டியக்காவும் எட்டு நிமிடமும்

கடிதத்தில் மொத்தம் பதினொரு வரிகள். ஒன்பதாவது வரியில் அந்தச் சொல் இருந்தது: கவனக்குறைவு. "தங்களுடைய கவனக்குறைவால் கையுறைப் பெட்டிக்குள் காற்று புகுந்து வினையூக்கி கெட்டிருப்பதாகத் தெரிய வருவதால், விசாரணை முடியும்வரை தாங்கள் பணிக்கு வர வேண்டியதில்லை." கீழே கையெழுத்தும் முத்திரையும். முத்திரை கோணலாகக் குத்தப்பட்டு, பாதி தாளுக்கு வெளியே போயிருந்தது. அது யாருடைய கவனக்குறைவோ.

என் தங்கைக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பிளாஸ்டிக் தூள் தயாரிக்கும் அந்த ஆலையின் சோதனைக்கூடத்தில் இருபத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்திருந்தாள். பள்ளிப் படிப்பு, அதன்மேல் ஆய்வகப் பணிக்கான இரண்டு ஆண்டுப் பயிற்சி, அவ்வளவுதான் அவள் படிப்பு. வீட்டில் அவள் இன்றைக்கும் பாப்பா. மாடி அறையில் இருக்கிறாள், சாப்பாடு எங்களோடு. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. நான் சொல்லியிருக்கிறேன், அதை இங்கே எழுத முடியாது.

எங்கள் சமையலறையில் எந்த டப்பாவைத் திருப்பினாலும் அடியில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கும், திறந்த தேதியோடு. "பாப்பா கையில குடுத்தா உப்புக்கும் பொறந்த நாள் எழுதிருவா" என்பாள் என் மனைவி. குடிக்கிற டம்ளரை மூன்று முறை கழுவி, மூன்றாம் முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் கவனக்குறைவு என்று எழுதினார்கள்.

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், பேருந்து நடத்துனர். வேதியியல் வரும் இடங்களை அவளிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்று இடங்களில் திருத்தினாள்.

எத்திலீன் என்று ஒரு வாயு. அதன் சிறு துண்டுகளை ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்தால் பிளாஸ்டிக். கோத்துக் கொடுப்பது வினையூக்கி. இந்த ஆலையில் பயன்படுத்துவது மெட்டலோசீன் வகை, மஞ்சள் நிறப் பொடி. காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும். ஆகவே அதை ஒரு எஃகுப் பெட்டிக்குள் வைத்துத்தான் கையாள வேண்டும். பெட்டியின் முகப்பு கண்ணாடி. கண்ணாடியில் இரண்டு வட்டத் துளைகள், துளைகளில் தோள்வரை நீளும் கறுப்பு ரப்பர் கையுறைகள். உள்ளே நைட்ரஜன் மட்டும். என் தங்கை அந்தக் கையுறைகளுக்குள் கைவிட்டு, தடித்த ரப்பரின் வழியாக, சில மில்லிகிராம் பொடியை நிறுப்பாள். கரைத்து, ஊட்டுக்குழல் என்று அவர்கள் சொல்லும் ஒரு சாண் நீள எஃகுக் குழலில் ஏற்றி, இரு முனையையும் மூடி வெளியே எடுப்பாள். அதை இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள உலையில் மாட்டித் திறந்தால், மருந்து, அதாவது வினையூக்கிக் கரைசல், உள்ளே இறங்கும், எத்திலீன் சங்கிலியாகும், சூடு ஏறும். ஒரு மணி நேரம் கழித்து, உண்டான தூளை உலர்த்தி நிறுக்க வேண்டும். அந்த எடையை நம்பித்தான் அந்தத் தொகுதி வினையூக்கியைப் பெரிய உலைக்கு அனுப்புவார்கள். சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா.

கடிதம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு அங்கே ஒரு புதுத் தலைவர் வந்தார். பெரிய படிப்பு, என் தங்கையைவிடப் பத்து வயது சிறியவர். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு "சீக்கிரம்" போடுவார். வந்த இரண்டாம் வாரமே அவருக்குச் சீக்கிரம் சார் என்று பெயர் விழுந்துவிட்டது. ஊட்டுக்குழலைக் கழுவும் முறை அவர் கண்ணை உறுத்தியது. டொலுவீன் என்ற கரைப்பானால் மூன்று தடவை அலசி, அடுப்பில் காயவைத்து, வெற்றிடத்தில் ஆறவிடுவது பழைய முறை. அரை நாள் போய்விடும்.

"டி.எச்.எஃப் கரைப்பான் ஊத்துங்க. ஒரு அலசல்ல பளிச்சுன்னு ஆயிரும். பத்து நிமிஷம் நைட்ரஜன் விடுங்க, மாட்டுங்க. சீக்கிரம்" என்றார்.

"சார், அது கொஞ்சம் தங்கிட்டாலும் மருந்துக்கு ஆகாதே?" என்று கேட்டிருக்கிறாள்.

"அறுபத்தாறு டிகிரில கொதிக்கற சரக்கும்மா அது. பத்து நிமிஷத்துல பறந்துரும். எங்க தங்கப் போகுது?"

நியாயமாகத்தான் பட்டது. சரி என்றாள். வாயால் சொன்னார், வாயால் கேட்டுக்கொண்டாள். எந்தத் தாளிலும் ஏறவில்லை. முதல் இரண்டு வாரம் எடைகள் எப்போதும்போல் இருந்தன. பிறகு குறையத் தொடங்கின. ஆறே வாரத்தில் பாதிக்கும் கீழே. நல்ல வினையூக்கியைக் கெட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். பெரிய உலை நின்றது. யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. பெட்டிக்குள் கைவிடுகிறவள் ஒருத்திதான்.

அவளோடு வேலை பார்ப்பவன் நெட்டை. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் இவள். பெட்டிக்குள் காற்றின் அளவு காட்டும் மானியைத் தினமும் அவனும்தான் பார்ப்பான். அது ஒருநாளும் ஏறவில்லை என்று அவனுக்குத் தெரியும். விசாரணைத் தாளில் அவன் எழுதிக் கொடுத்தது: "சரியாக நினைவில்லை."

அந்த வாரம் என் பேருந்தில் ஆலைக்காரர் ஒருவர் ஏறினார். "உங்க தங்கச்சி ஏதோ திறந்து போட்டுட்டாங்களாமே? பாவம், வயசாகுதுல்ல" என்றார். நான் அவருக்குச் சீட்டைக் கிழித்த வேகத்தில் பாதி என் கையிலேயே நின்றுவிட்டது.

கடிதம் வந்த நான்காம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தேன். சமையலறைத் தரை முழுக்கத் தாள்கள். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். என் மனைவி பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க, உங்க தங்கச்சி அடுப்படியில ரோடு போட்டு வச்சிருக்கா. நான் எந்தப் பக்கமா போறது?"

"ஓரமா போங்க அண்ணி. பதினேழாம் தேதிய மிதிச்சிராதீங்க."

ஒவ்வொரு சோதனையிலும் முதல் பதினைந்து நிமிடம், நிமிடத்துக்கு நிமிடம் உலையின் சூட்டைத் தன் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. யாரும் கேட்டதில்லை. ஆலையின் கணினி பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் பதியும். தலைவர் பார்ப்பதோ கடைசி எடையை மட்டும். அந்தக் குறிப்புகளைத்தான் தேதிவாரியாக வரைந்து பரப்பியிருந்தாள்.

"அண்ணே, இங்க பாரு. நல்லா இருந்தப்ப, மருந்து உள்ள போயி ஒன்றரை நிமிஷத்துல சூடு ஏறுது. அறுபது, அறுபத்தொண்ணு, அறுபத்தஞ்சு. இப்ப இதப் பாரு. அறுபது, அறுபது, அறுபது, அறுபது. எட்டாவது நிமிஷத்துலதான் அசையுது. அப்புறம் மெல்ல ஏறுது."

"லேட்டா வருது. எங்க பஸ்ஸு மாதிரி."

"அதான் கேக்கறேன். செத்தது லேட்டா வருமா?"

எனக்குப் புரியவில்லை.

"காத்து பட்டா மருந்து செத்துரும் அண்ணே. செத்தது செத்ததுதான். மிச்சம் உசிரோட இருக்கறது அதே ஒன்றரை நிமிஷத்துல வேலைய ஆரம்பிச்சிரும். கம்மியா செய்யும், ஆனா நேரத்துக்குச் செய்யும். இது அப்படி இல்ல. இதுக்கு உசிரு இருக்கு. யாரோ எட்டு நிமிஷம் அமுக்கிப் பிடிச்சுட்டு அப்புறம் விடறாங்க."

"யாரு?"

"லூயிஸ் காரம்."

"அது யாரு, உங்க ஆபீஸ்ல புதுசா?"

அந்த நான்கு நாளில் அவள் முதல் முறை சிரித்தாள். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"உன் பஸ்ல ஒரே ஒரு சீட்டுன்னு வச்சிக்க. மெட்டலோசீன்ல நடுவுல சிர்கோனியம் அணு. அலுமினியக் கலவை ஒண்ணு சேர்த்தா, அது அந்த அணுகிட்டருந்து ஒரு துண்டப் பிடுங்கிரும். ஒரு எடம் காலியாகும். எத்திலீன் வந்து அந்தக் காலி எடத்துல உக்காரும், பக்கத்துல வளர்ற சங்கிலியில சேந்துக்கும், எடம் மறுபடி காலி. அடுத்த எத்திலீன் உக்காரும். நொடிக்கு ஆயிரக்கணக்குல இப்படி ஏறி எறங்குது."

"நல்ல ரூட்டு."

"இப்ப லூயிஸ் காரம்னா என்னன்னா, கையில ஒரு ஜோடி எலக்ட்ரான வச்சுக்கிட்டு, எங்கடா காலி எடம்னு அலையற ஆளு. டி.எச்.எஃப் அப்படித்தான், ஈதர், அமீன் எல்லாமே அப்படித்தான். எத்திலீனுக்கு முன்னாடி ஓடிப்போய் அந்தச் சீட்டுல உக்காந்துக்குவான். அவனால சங்கிலியில சேரவும் முடியாது. எறங்கவும் மாட்டான். எத்திலீன் வாசல்ல நிக்கும்."

"அப்புறம் எட்டு நிமிஷத்துல எப்படி எறங்கறான்?"

"கலவையில அலுமினியம் நெறைய கெடக்குல்ல? அதுலயும் காலி எடம் உண்டு. அது ஒவ்வொருத்தனா கூப்பிட்டுத் தன் பக்கத்துல உக்கார வச்சிக்குது. சீட்டு மெல்லக் காலியாகுது."

"அப்ப அலுமினியம்தான் கண்டக்டரு."

"ஆமா. உன்ன மாதிரி கத்தாத கண்டக்டரு" என்றாள். கொஞ்சம் யோசித்து, "எல்லாக் காரமும் எதிரின்னு சொல்லிராத. சிலத அளந்து போட்டா சங்கிலியோட நீளத்தையே நமக்கு வேணுங்கற மாதிரி மாத்தலாம். அளவு தெரியணும். இங்க அளவே தெரியாம எங்கயோ இருந்து வருது" என்றாள்.

எங்கிருந்து என்பதுதான் கேள்வி. டி.எச்.எஃப் என்றால் கழுவிய குழலிலிருந்து வர வேண்டும். ஆனால் எஃகில் அது தங்காது, பத்து நிமிடத்தில் பறந்துவிடும். அதோடு, கழுவும் முறை மாறிய அன்றே எடை விழவில்லை, இரண்டு வாரம் கழித்துத்தான் விழுந்தது. அவள் குறிப்பேட்டைப் பின்னாலிருந்து புரட்டிக்கொண்டே போனாள். ஒரு பக்கத்தில் நின்றாள். நின்றவள் குறிப்பேட்டைத் தரையில் ஓங்கி அடித்தாள். என் மனைவியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"எழுதியிருக்கேன் அண்ணே! என் கையெழுத்துல எழுதியிருக்கேன்! ரெண்டு எடத்துல! 'ரிங் பள்ளத்தில் உட்காரவில்லை, இறுக்கம், புதியது மாற்றினேன்.' எழுதிட்டுப் பக்கத்தத் திருப்பிட்டேன். கண்ணு பாத்துச்சு, புத்தி பாக்கல. இதத்தானே அவங்க கவனக்குறைவுங்கறாங்க?"

ஊட்டுக்குழலின் இரு முனைகளிலும் மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் உண்டு. டி.எச்.எஃப் எஃகில் தங்காது, ரப்பர் அதைக் குடிக்கும். குடித்த ரப்பர் உப்பும். உப்பிய வளையம் அதன் பள்ளத்தில் உட்காராது. நைட்ரஜன் விட்டால் மேலே இருப்பது போகும், உள்ளே ஊறியது போகாது. ஒவ்வொரு கழுவலிலும் இன்னும் கொஞ்சம் ஊறும், மாற்றிய புது வளையமும் சில நாளில் அப்படியே ஆகும். பிறகு மருந்துக் கரைசல் குழலில் நிற்கும்போது சொட்டுச் சொட்டாக அதற்குள் இறங்கும்.

"அழுவியா, வேலையப் பாப்பியா?" என்று கேட்டேன். எனக்கு வேறு மாதிரி ஆறுதல் சொல்லத் தெரியாது.

"யாரு அழுதா? ரிங்கு வாங்கிட்டு வா" என்றாள்.

அன்று விடுப்பு எடுத்தேன். இயந்திர உதிரிக் கடையில் அதே அளவு ரப்பர் வளையம் இரண்டு. வன்பொருள் கடையில், குழாய் ஒட்டும் பசைக்கு முன்னால் தடவும் திரவம் ஒரு குப்பி. அதில் டி.எச்.எஃப் கலந்திருக்கும் என்று அவள் சொன்னாள், குப்பியின் பின்பக்கச் சிறு எழுத்தில் போட்டும் இருந்தது. பட்டறை நண்பரிடமிருந்து வெர்னியர் அளவுகோல். மொட்டை மாடியில் வைத்துச் செய்தோம். நனைக்கும் முன் வளையத்தின் தடிமன் மூன்றரை மில்லிமீட்டர். ஒரு நாள் ஊறவைத்து எடுத்தபோது நான்கு புள்ளி ஒன்று. மேசை விசிறியின் எதிரில் பத்து நிமிடம் காயவைத்தோம். நான்கு புள்ளி ஒன்று. ஒரு மணி நேரம். நான்கு. அடுத்த நாள் காலையிலும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை, மூக்கருகே கொண்டுபோனால் வாடை அடித்தது.

"ஏங்க, இத அங்க கொண்டுபோய்க் காட்டி எதுக்குக் கஷ்டப்படறீங்க?" என்றாள் என் மனைவி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "அந்தாளையே கூட்டிட்டு வந்து இந்த வாடையில பத்து நிமிஷம் உக்கார வச்சிருங்க. எல்லாத்தையும் ஒத்துக்குவாரு."

விசாரணை ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்பதால் நான் வாயிற்காவலர் அறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் "பாதுகாப்பே முதன்மை" என்ற பலகை ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நடந்ததை அவள் சொன்னாள். நெட்டையும் பிற்பாடு தனியாகச் சொன்னான். இருவர் சொன்னதிலும் ஒத்துப்போவதை மட்டும் எழுதுகிறேன்.

மேசைக்குப் பின்னால் ஆலை மேலாளர், பணியாளர் அதிகாரி, சீக்கிரம் சார். என் தங்கை தன் குறிப்பேட்டையும் மாடியில் ஊறவைத்த வளையத்தையும் மேசைமேல் வைத்து, ஒரு தாளைக் கொடுத்தாள். நான்கு சோதனைகள் கேட்டிருந்தாள், ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு நிமிடம் சூடு பதிய வேண்டும் என்று.

"நாலா? ஒரு நாள் முழுக்கப் போயிருமே. இவங்களுக்கு எதுக்கு சார் கெமிஸ்ட்ரி? பெட்டிக்குள்ள ஒழுங்கா கைய விட்டாப் போதாதா?" என்றார் சீக்கிரம் சார்.

மேலாளருக்கு என் தங்கைமேல் அக்கறை ஒன்றும் இல்லை. அவருக்குப் பெரிய உலை ஓட வேண்டும், அவ்வளவுதான். "செஞ்சு பாத்துருவோம்" என்றார். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவள் எதையும் தொடக் கூடாது என்றார்கள். நெட்டை செய்வான், அவள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கலாம். இருபத்தொரு ஆண்டு அவள் கை இருந்த கையுறைக்குள் அவன் கையை விட்டான். அவளைத் திரும்பிப் பார்க்க அவனுக்கு முகம் இல்லை.

முதல் சோதனை, இருக்கிற வளையம், இருக்கிற கழுவும் முறை. ஏழரை நிமிடம் அசைவே இல்லை, எட்டில் ஏறியது. இரண்டாவது, புது வளையம், டொலுவீனில் மட்டும் கழுவி வைத்திருந்த மாற்றுக் குழல். ஒன்றரை நிமிடத்தில் ஏறியது, எடையும் பழையபடி. மூன்றாவது, புது வளையம், ஆனால் வேண்டுமென்றே கொஞ்சம் காற்றை உள்ளே விட்டது. அதே ஒன்றரை நிமிடத்தில் ஆரம்பித்தது, ஆனால் சூடு மேலே போகவில்லை, கடைசிவரை சோர்ந்தே கிடந்தது.

மேலாளர் மூன்று வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்போது சீக்கிரம் சார் ஒன்று சொன்னார். அவர் முட்டாள் இல்லை என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

"சார், புது ரிங்னா நல்லா இறுக்கமா மூடும். அதனால காத்து போகல. ரெண்டாவது நல்லா வந்ததுக்கு அதான் காரணம். பழைய ரிங்கு சரியா உக்காரலன்னு இவங்களே எழுதியிருக்காங்க. அப்ப காத்து அங்கருந்துதான் வந்திருக்கு. ரிங்க கவனிக்காதது யாரு? நான் சொன்னதுதானே சரி?"

  அவள் எழுதிவைத்த குறிப்பையே எடுத்து அவள் கழுத்தில் கத்தியாக வைத்துவிட்டார்.

"நாலாவது இன்னும் செய்யலயே சார்" என்றாள் என் தங்கை.

நான்காவது எதற்கு என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. இரண்டாவது சோதனை அப்படியே. புது வளையம், இறுக்கமான மூடி, டொலுவீனில் கழுவிய குழல், எங்கேயும் காற்று இல்லை. கூடுதலாக ஒன்றே ஒன்று: பெட்டிக்குள்ளேயே, ஈரம் நீக்கிய டி.எச்.எஃப், நுண்ணூசியால் அளந்து இருபது மைக்ரோலிட்டர். கண்ணால் பார்த்தால் ஒரு சொட்டு.

மருந்து உள்ளே போனது. நெட்டை நிமிடத்தைச் சத்தமாகச் சொன்னான். ஒன்று, அறுபது. இரண்டு, அறுபது. மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது நிமிடத்தில் சீக்கிரம் சார் எழுந்து தண்ணீர் குடித்தார். ஏழு, அறுபது. எட்டு, அறுபத்தொன்று.

"பெட்டியக்கா, எட்டு!" என்று கண்ணாடிக்கு உள்ளிருந்து கத்திவிட்டானாம் நெட்டை. பணியாளர் அதிகாரி அவனை அடக்கினார்.

மாலை நான்கு இருபதுக்கு அவள் வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். நெட்டை பின்னாலேயே ஓடிவந்தான்.

"அக்கா, நான் பொய் சொல்லலக்கா. நெனவில்லன்னுதான்..."

"தெரியும்டா. பொய் சொல்லல. சொல்ல வேண்டியதச் சொல்லாம விட்ட. போ, குழல ஒழுங்கா கழுவி வை" என்றாள். அவன் போய்விட்டான். நானாக இருந்தால் அவ்வளவு சுலபமாக விட்டிருக்க மாட்டேன். பக்கத்தில்தான் இருந்தேன், ஆனால் அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

ஆறு நாள் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. நடவடிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது, திங்கள் முதல் பணிக்கு வரலாம். கடைசி வரி: "இனி வருங்காலத்தில் கவனத்துடன் நடந்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது." அதே வாரம் சோதனைக்கூடப் பலகையில் ஒரு சுற்றறிக்கை. டி.எச்.எஃப் கழுவல் நிறுத்தப்படுகிறது, வளையங்களில் ஊறிய லூயிஸ் காரம் வினையூக்கியைத் தடுப்பதாகக் கண்டறியப்பட்டுள்ளது. யார் கண்டறிந்தார் என்று இல்லை. கீழே கையெழுத்து சீக்கிரம் சாருடையது. மொட்டை மாடியில் வெர்னியர் பிடித்துக் கண் சுருக்கியவரும் அவர்தான் என்று எண்ணியிருப்பார் படித்தவர்.

நான் சட்டையை மாட்டினேன். ஆலைக்காரர்களில் யாராவது ஒருவரைப் பேருந்து நிலையத்தில் நாலு பேர் பார்க்க வைத்துக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன்.

"எங்க கெளம்பிட்ட?"

"கேக்கத்தான்."

"உக்காரு அண்ணே. கடுதாசி உனக்கா வந்திருக்கு?"

"வேல திரும்பக் கெடச்சிருச்சே பாப்பா, அப்புறம் என்ன?" என்றாள் என் மனைவி, பாவம், நல்லெண்ணத்தில்தான்.

"அண்ணி, கவனத்துடன் நடந்துகொள்ளுமாறுன்னா என்ன அர்த்தம்? இதுவரைக்கும் நடந்துக்கலன்னு அர்த்தம். அது என் கோப்புல இருக்கும். நான் ரிட்டயர் ஆகறவரைக்கும் எந்த மருந்து கெட்டாலும் அதத்தான் எடுத்துப் பாப்பாங்க. இந்த வரிய வாங்கிக்கிட்டு நான் உள்ள போக மாட்டேன்."

திங்கள்கிழமை போனாள், ஆனால் சோதனைக்கூடத்துக்கு இல்லை. மேலாளர் அறை வாசலில் நின்றாள். பணியேற்புத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. செவ்வாயும் போனாள். அங்கே நாற்காலி உண்டு, அதில் உட்காரவில்லை. புதன்கிழமை அவர் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு வரிதானேம்மா. அத ஏன் இப்படிப் பிடிச்சுத் தொங்கறீங்க?"

"ஒரே ஒரு சொட்டுதான் சார் உங்க ஆறு வாரத்தத் தின்னுச்சு."

"சரி, அத எடுத்துரலாம். வேற என்ன?"

"கழுவற முறைய மாத்தச் சொன்னது வாய் வார்த்தை. எந்தத் தாள்லயும் இல்ல. அதனாலதான் பழி என் மேல வந்துச்சு. இனிமே எந்த மாத்தமா இருந்தாலும் சொல்றவங்க மாற்றப் பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டாத்தான் செய்வேன்."

"பதிவேடுதான் இருக்கேம்மா?"

"இருக்கு சார். நாலு மாசமா ஒரு எழுத்து ஏறல."

வெள்ளிக்கிழமை மூன்றாவது கடிதம் வந்தது. நான்கு வரிகள். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, முந்தைய இரு கடிதங்களும் திரும்பப் பெறப்படுகின்றன. வருத்தம் என்ற சொல் எங்கும் இல்லை. அவளுடைய வளையம் என்றோ அவளுடைய எட்டு நிமிடம் என்றோ இல்லை. அவள் அதை இரண்டு முறை படித்து, தேதி எழுதி, உறையில் வைத்தாள். "இது போதும்" என்றாள். எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் அந்தச் சுற்றறிக்கையின் கீழே இருக்கும் கையெழுத்தை நினைத்தால் காது சூடாகிறது. அவர் இப்போதும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அவளுக்கு மேலே.

அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அடுத்த திங்கள் காலை, சீக்கிரம் சார் வழக்கம்போல் வந்து, உலையைக் கலக்கும் வேகத்தைக் கூட்டச் சொன்னாராம். அவள் பதிவேட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

"இதுக்கெல்லாமா? நேரமாகுதும்மா, சீக்கிரம்."

அவள் கையுறைக்குள் கையை விடாமல் நின்றாள். நெட்டை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், ஆனால் போகவில்லை. அவர் எழுதினார், கையெழுத்துப் போட்டார், பதிவேட்டைத் தள்ளினார். அவள் எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப அவர் பக்கமே தள்ளினாள்.

"தேதி தப்பு சார். நேத்து தேதி போட்டிருக்கீங்க. நேத்து ஞாயித்துக்கிழம."

அவர் அடித்துவிட்டுத் திருத்தினார். அடித்த இடத்தில் இன்னொரு சிறு கையெழுத்து வேண்டும் என்றாள். அதையும் போட்டார்.